கூட்டைக் கலைத்து எடுக்கும் படம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துமகூர் சாலைப் பக்கம் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்த நம் ஆட்கள் டிபன் டப்பாவும் கையுமாகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். அவர்களைக் கடந்து கார் மேல் கார் ஹெசரகட்டா பக்கம் பறக்கும். காருக்கு மூன்று பேர். ஆளுக்கு ஒரு காமிரா. மடியில் பீரங்கிக் குழாய் போல ஒரு லென்ஸ். உடுத்தியிருப்பதும் பட்டாளத்துக்காரர் உடுப்புப் போலக் காட்டுப் பச்சை. இவர்கள் எந்தச் சண்டைக்குப் போகிறார்கள் என்று ஒரு நாள் என் பக்கத்தில் நின்ற பெரியவர் கேட்டார். பறவைகளைப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

என் அக்கா மகனும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். பீன்யாவில் ஒரு சிறு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். மாதத் தவணையில் காமிரா வாங்கினான். மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல் விலை. வீட்டில் பெரிய ரகளை. "சீட்டாட்டமா ஆடுகிறான், குடிக்கவா செய்கிறான், நல்ல பழக்கந்தானே" என்று அவனுக்காகப் பரிந்து பேசியவன் நான்தான். அன்று பேசியதை நினைத்து இன்று கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஹெசரகட்டாவைப் பற்றி இரண்டு வார்த்தை. பெங்களூரிலேயே முப்பது வருஷம் குடியிருந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் அநேகம். இந்த நகரத்துக்கு முதன் முதலில் குழாயில் தண்ணீர் வந்தது அங்கேயிருந்துதான். சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்த காலத்தில், 1894-ல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே அந்த ஏரியைக் கட்டினார்கள். நமக்குத் தெரிந்த சேஷாத்ரிபுரம் அவர் பெயரைத் தாங்கியதுதான். பிற்பாடு ஏரித் தண்ணீர் போதாமல் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது. ஹெசரகட்டா மெள்ள மறக்கப்பட்டது. ஏரியை ஒட்டிக் கால்நடைத் துறைக்குச் சொந்தமான புல்வெளி கிடக்கிறது. மரம் இல்லை, மேடும் பள்ளமுமாக முழங்கால் உயரப் புல். பார்க்கிறவர்களுக்குத் தரிசு நிலம் மாதிரித் தோன்றும். சர்க்கார் காகிதங்களிலும் புல்வெளி என்றால் தரிசு என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தார்கள்.

அந்தத் தரிசுக்கு வருகிற விருந்தாளிகள் சாமானியர்கள் அல்ல. பூனைப் பருந்து என்று ஒரு பறவை. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து பனிக்காலத்தை இங்கே கழிக்க வருகிறது. மற்றப் பருந்துகளைப் போல மரத்தில் அது அடைவதில்லை. சாயங்காலம் ஆனதும் புல்லுக்கு நடுவே தரையில் கூட்டமாக இறங்கித் தூங்கும். பங்குனி வாக்கில் திரும்பிப் போக வேண்டும். அதற்கான கொழுப்பை உடம்பில் சேர்த்துக் கொள்வது இந்த நாலைந்து மாதத்தில்தான். பிழைப்புக்கு ஊர் விட்டு ஊர் வந்து, கிடைத்த இடத்தில் பாயை விரித்துப் படுத்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற வித்தை நமக்குப் புதியதல்லவே. வானம்பாடி, ஆட்காட்டி, கவுதாரி, பக்கி ஆகியவையும் தரையில் முட்டையிடுபவை. அவற்றுக்குப் புல்தான் கதவு, புல்தான் கூரை.

இப்போது காருக்கு வருவோம். சாலையில் இறங்கி நடந்து போனால் பூனைப் பருந்து பறந்து விடும். காருக்குள் உட்கார்ந்திருந்தால் பறவை அவ்வளவாகப் பயப்படாது. ஆகவே காரையே புல்வெளிக்குள் ஓட்டி விடுகிறார்கள். ஒருவர் போன தடத்தில் இன்னொருவர் போவார் என்றாலாவது பரவாயில்லை. பறவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள். மண் இறுகிப் போகிறது. அந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. மழை பெய்தால் டயர் தடம் வாய்க்காலாகிறது. சேறான தடத்தை விட்டு விலகி அடுத்த வாரம் வருகிறவர் பக்கத்திலேயே புதுத் தடம் போடுகிறார். ஒற்றைத் தடம் இப்படித்தான் ஒரு ரோடு அகலத்துக்கு விரிகிறது. தரையில் தூங்குகிற பறவையைப் பொழுது விடியுமுன் எழுப்பி, அது பறக்கும் அழகைப் படம் பிடித்து, அது போய் இறங்கிய இடத்துக்கும் காரை விட்டு, மறுபடியும் எழுப்புகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவனை மணிக்கு ஒரு தரம் தட்டி எழுப்பினால் அவன் கதி என்னவாகும் என்று பீன்யாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் புல்வெளிக்குப் பெரிய எதிரி காமிராக்காரர் அல்லர். சினிமாப் படப்பிடிப்புக்காரர்கள் அங்கே வந்து போயிருக்கிறார்கள். சினிமா நகரமே கட்டலாம் என்று கூட யோசனை நடந்தது. வீட்டுமனைக்காரர்களின் கண் எப்போதும் அதன் மேல் இருக்கிறது. புல்வெளியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும் என்ற யோசனையை 2021 ஜனவரியில் மாநில வனவிலங்கு வாரியம் நிராகரித்தது. விவகாரம் ஹைகோர்ட்டு வரை போயிற்று. கடைசியில் 2024 அக்டோபரில்தான் ஐயாயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பைக் காப்பகமாக்க வாரியம் ஒப்புக்கொண்டது. இதற்காகப் பல ஆண்டு அலைந்தவர்களில் போட்டோக்காரர்களும் உண்டு. அவர்கள் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் அது தரிசு அல்ல என்று யார் நம்பியிருப்பார்கள்? ஆனால் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்பதற்காக அடுப்படி வரை செருப்போடு நடக்கிற உரிமை வந்துவிடுமா?

என் வெட்கத்துக்குக் காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? போன சித்திரையில் அக்கா மகன் என்னையும் ஒரு ஏரிக்கரைக்கு அழைத்துப் போனான். ஏரியின் பெயர் இங்கே வேண்டாம். ஆட்காட்டி ஒன்று எங்கள் தலைக்கு மேல் கத்திக் கொண்டே சுற்றியது. "மாமா, பக்கத்திலேதான் முட்டை இருக்கு, காலைப் பார்த்து வையுங்க" என்றான். இருந்தது. மண்ணோடு மண்ணாக நாலு முட்டை. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாலைந்து கூழாங்கல்லைச் சுற்றி வைத்த ஒரு குழி. குறுக்கே ஒரு செடி நின்றது. படத்துக்கு மறைக்கிறது என்றான். பிடுங்கிப் போட்டவன் நான்தான். பிறகு இருபதடி தள்ளி உட்கார்ந்து தாய் திரும்பி வரட்டும் என்று காத்தோம். அது வந்தது, எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனது. வந்தது, போனது. "ஒரே நிமிஷம் மாமா, ஒரே நிமிஷம்" என்று அவன் சொல்லிச் சொல்லி ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. படம் கிடைத்தது. நல்ல படம். தாய்ப் பறவை முட்டை மேல் உட்காரப் போகிற காட்சி.

சித்திரை வெயிலில் ஆட்காட்டி ஏன் அடிக்கடி தண்ணீருக்குப் போகிறது என்பதைப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காருமாம். அந்த ஈரத்தில் முட்டை குளிரும். சூடு ஏறினால் உள்ளே இருக்கிற குஞ்சு வெந்து போகும். நாங்கள் அந்தப் பறவையை விரட்டி வைத்திருந்தது காலை ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை. நிழலுக்கு இருந்த ஒரு செடியையும் பிடுங்கி விட்டோம். அடுத்த ஞாயிறு அவன் மட்டும் போய்ப் பார்த்து வந்தான். குழியில் முட்டை இல்லை. காக்கை எடுத்ததோ, கீரி எடுத்ததோ, வெந்த முட்டையைத் தாயே விட்டுவிட்டுப் போனதோ, யார் கண்டார்? மனிதன் எங்கே குனிந்து பார்க்கிறான் என்பதைக் காக்கை மரத்தின் மேலிருந்து கவனித்துக் கொண்டுதான் இருக்கிறது.

படத்தை அவன் செல்போனில் போட்டான். இருநூறு பேர் பாராட்டினார்கள். "இடம் எது?" என்று கேட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

நாங்கள் செய்தது வேட்டை. நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டும் வேட்டை அல்ல. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தருகிற விதியையும் 2022-ல் திருத்தினார்கள். இருப்பிடத்தை மாற்றாமலும், அதற்கோ பிராணிகளுக்கோ தீங்கு வராமலும் எடுக்கிற படத்துக்குத்தான் அனுமதி என்று அதில் இருக்கிறது. ஒரு முயலைக் கண்ணி வைத்துப் பிடித்த கிராமத்தானை ஜெயிலில் போடுகிறார்கள். கிளையை வெட்டிக் கூட்டை வெயிலில் காட்டிப் படம் எடுத்தவருக்கு அரங்கில் மாலை போடுகிறார்கள். ஒரே சட்டந்தான்.

கிளை வெட்டுவது ஒரு தந்திரம். இன்னும் எத்தனையோ உண்டு. சேவல் பறவையின் பாட்டைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு புதர் அருகில் போட்டுக் காட்டுவார்கள். தன் எல்லையில் இன்னொரு சேவல் புகுந்துவிட்டது என்று எண்ணி அது இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு ஓடி வரும். இல்லாத எதிரியைத் தேடி நாள் முழுக்கக் கத்தும். மீன்கொத்திக்கு, விலைக்கு வாங்கிய மீனைத் தட்டில் விட்டுத் தண்ணீரில் முக்கி வைப்பார்கள். ஆந்தைக் குஞ்சின் கண்ணில் இருட்டில் பளிச்சென்று விளக்கடிப்பார்கள். இதில் எல்லாம் கைதேர்ந்தவர்கள் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். லண்டன் அருங்காட்சியகம் நடத்துகிற உலகப் புகழ் போட்டியில் 2009-ம் ஆண்டுப் பரிசு ஒரு ஓநாய்ப் படத்துக்குப் போயிற்று. அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்படுத்தின ஓநாய் என்று முடிவு செய்து 2010-ல் பரிசைப் பிடுங்கினார்கள். 2018-ல் இன்னொரு பரிசையும் திரும்பப் பெற்றார்கள்; படத்தில் இருந்தது பஞ்சடைத்த எறும்புதின்னி என்று கண்டுபிடித்தார்களாம். இதை ஒருவிதத்தில் மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சடைத்த பிராணிக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை!

புலி விஷயம் வேறு. பறவைக்கு வருகிறவர் தன் காரில் வருகிறார். புலிக்கு வருகிறவர் வாடகை ஜீப்பில் வருகிறார். ஜீப்பை ஓட்டுகிறவன் கூலிக்காரன். 2024 டிசம்பர் 31-ந் தேதி மகாராஷ்டிரத்தில், நாகபுரிக்கு அருகில் உள்ள உம்ரேட் கர்ஹண்டலா சரணாலயத்தில், எஃப்-2 என்று எண்ணிட்ட ஒரு தாய்ப் புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் இரண்டு பக்கமும் வண்டிகள் மறித்துக் கொண்டன. முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் புலி நின்றது. அந்தக் காட்சி நாடெங்கும் பரவி, பம்பாய் ஹைகோர்ட்டின் நாகபுரிக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் முதல் அடி யார் மேல் விழுந்தது? வண்டியோட்டிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் வேலை நிறுத்தி வைப்பு, அபராதம். பிராணிக்கும் வண்டிக்கும் இடையே இருபது மீட்டராவது இருக்க வேண்டும், வண்டிக்கும் வண்டிக்கும் ஐம்பது மீட்டர் வேண்டும் என்று தேசியப் புலிகள் ஆணையம் 2012-லேயே விதி செய்திருக்கிறது. விதி அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பின் சீட்டில் இருப்பவர், "இன்னும் கொஞ்சம் முன்னே போ, பார்த்துத் தருகிறேன்" என்று தோளைத் தட்டுகிறார். அன்றாடக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவன், தட்டுகிற கையில் இருக்கிற நோட்டைப் பார்ப்பானா, விதியைப் பார்ப்பானா? முன்னே போகாவிட்டால் மறுநாள் அந்த ஐயா வேறு ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வார். முதலாளி சொல்லிச் செய்த வேலைக்குத் தொழிலாளி மெமோ வாங்குவது நாம் பாராததா!

நம் மாநிலத்திலும் கபினிக்காட்டில் ஒரு கருஞ்சிறுத்தை பேர் வாங்கிய நாள் முதல் அதே கதைதான். அது ரோட்டைத் தாண்டுகிறது என்று தெரிந்தால் ஜீப்புகள் எல்லாம் அந்த மூலைக்கு ஓடுகின்றன. 2025 நவம்பரில், மைசூர்ப் பகுதியில் புலி தாக்கி விவசாயிகள் இறந்ததைத் தொடர்ந்து, பண்டிப்பூர், நாகரஹொளே காடுகளில் சபாரி வண்டிகளை அரசு நிறுத்தி வைத்தது. வண்டிகளின் தொல்லை தாங்காமல்தான் புலி ஊருக்குள் வருகிறது என்பது விவசாயிகளின் வாதம். அது எவ்வளவு தூரம் சரி என்று அறிஞர்கள் சொல்லட்டும். சபாரிக்குப் போகிற காவலர்களைப் புலி தேடவும் கிராமங்களைக் காக்கவும் அனுப்பலாம் என்பதாவது எல்லோருக்கும் விளங்குகிற நியாயம்.

படம் எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் யானை மேல் அமர்ந்து கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துத் தள்ளியவர். காட்டு உயிர்களைப் பற்றித் தமிழிலும் இங்கிலீஷிலும் அவர் போல் எழுதியவர் இல்லை. இதே பெங்களூரில் வாழ்ந்து 2017-ல் மறைந்த டி.என்.ஏ. பெருமாளின் பெயரை இந்தத் துறையில் மரியாதையோடு உச்சரிக்காதவர் கிடையாது. நம்மவர் என்று நாம் பெருமைப்படலாம். அந்தக் காலத்தில் கூட்டருகே மறைவு கட்டி உட்கார்ந்து படம் எடுப்பதைத் தவறென்று யாரும் எண்ணவில்லை என்பதும் உண்மை. ஆனால் அப்போது ஊருக்கு நாலு பேர். பிலிம் சுருளில் முப்பத்தாறு படம், ஒவ்வொன்றுக்கும் காசு. பொத்தானை அமுக்குமுன் யோசிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு விநாடியில் இருபது படம் செலவில்லாமல் விழுகிறது. ஒருவர் கண்ட கூட்டை மாலைக்குள் நூறு பேர் அறிகிறார்கள். நால்வர் செய்தபோது தாங்கிய பறவை நானூறு பேரைத் தாங்குமா? காலம் மாறினால் தர்மமும் மாறத்தான் வேண்டும். கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று போட்டி நடத்துகிறவர்கள் பலர் இப்போது விதி வைத்திருப்பது இதனால்தான்.

"படிக்காத ஜனங்களுக்குப் பறவையின் அருமை தெரியுமா, நாங்கள் அல்லவா எடுத்துக் காட்டுகிறோம்" என்று ஒரு காமிராக்காரர் என்னிடம் வாதாடினார். அவரை மைசூர் ரோட்டில் மத்தூருக்கு அருகில் உள்ள கொக்கரெபெள்ளூருக்குப் போய் வரச் சொன்னேன். அங்கே வீட்டுவாசல் புளிய மரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. கூரையெல்லாம் எச்சம். விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். நம் சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் கண்மாய்ப் பறவைகள் பயந்துவிடுமே என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய காரியம் என்று. அந்த ஜனங்களில் எத்தனை பேரிடம் காமிரா இருக்கிறது?

ஹெசரகட்டாவில் செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. ஏரிக்கரை ரோட்டோடு வண்டியை நிறுத்தி விடச் சொல்ல வேண்டும். புல்வெளிக்குள் டயர் தடம் பட்டால் வண்டி எண்ணைக் குறித்து அபராதம் போட வேண்டும். அதற்கு இரண்டு காவலர் போதும். அந்த வேலையைப் பக்கத்துக் கிராமத்து மாடு மேய்க்கிறவர்களுக்கே கொடுக்கலாம். எந்த மேட்டில் எந்தப் பறவை முட்டையிடுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. காப்பகம் என்று அறிவித்ததும் முதல் வேலையாக அந்த மாடுகளை விரட்டுவார்களோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. புல்லை மேய்கிற மாட்டை விரட்டிவிட்டுப் புல்லை நசுக்குகிற காருக்கு டிக்கெட் போட்டு உள்ளே விட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

சபாரிக் காடுகளில் அபராதத்தை வண்டியோட்டியிடம் வாங்கக் கூடாது. பயணச் சீட்டில் பெயர் எழுதியிருக்கிற ஆசாமியிடம் வாங்க வேண்டும். மறுபடி ஒரு வருஷத்துக்கு அவருக்குச் சீட்டு இல்லை என்றும் சொல்லி விட வேண்டும். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் தேநீர்ச் செலவு.

இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறு பக்கத்தில் வாசகர்கள் அனுப்பும் படங்களைப் போடுகிறீர்கள். குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்க் குருவி, கூட்டில் வாய் பிளந்த குஞ்சுகள், இவையெல்லாம் பார்க்க அழகுதான். என் அக்கா மகனின் ஆட்காட்டிப் படமும் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. அனுப்பச் சொன்னதும் நான்தான். தயவு செய்து அதைப் போட வேண்டாம். கூட்டுப் படம் எதையுமே போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அவன் இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறான். தவணை இன்னும் எட்டு மாதம் பாக்கி. ஏரிக்கரை மேலேயே உட்கார்ந்து எடுக்கிறானாம். போன வாரம் எடுத்ததைக் காட்டினான். புல்வெளி முழுக்க விழுந்திருக்கிறது. பறவை எங்கே என்று கேட்டேன். மூலையில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினான்.